செவலைக்காக வாங்கிய அழைப்பு மணி

ஐந்து மாதங்களாக எங்கள் வீட்டில் இருக்கும் ஒரு வயர்லெஸ் அழைப்பு மணியைப் பற்றி எழுதுகிறேன். பெட்டியில் இரண்டு பட்டன்கள், பிளக் பாயிண்டில் செருகும் இரண்டு ரிசீவர்கள். 52 மெட்டுகள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஐந்து படிகள், மணி அடிக்கும்போது மின்னும் ஒரு நீல விளக்கு. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் செய்கின்றன. என்னிடம் இருப்பது எந்த நிறுவனத்தின் மணி என்பது முக்கியமில்லை, அதனால் பெயரை எழுதவில்லை.

இந்த மணியை நாங்கள் எங்களுக்காக வாங்கவில்லை, செவலைக்காக வாங்கினோம். செவலை எங்கள் நாய். நான்கு வயது, பெண். வீட்டுக்கு யாராவது வந்தால் அவள் குரைப்பதை நிறுத்தவே முடியாமல் இருந்தது. இந்த மணியை வைத்துப் பழக்கிய பிறகு அது பெருமளவு நின்றுவிட்டது. மணியை மாட்டியவுடன் நின்றுவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏறக்குறைய ஒன்பது வாரம் ஆனது. அந்த ஒன்பது வாரமும் எப்படிப் போயின என்பதைச் சொல்லாமல் இந்தப் பொருளை மதிப்பிட முடியாது.

அம்மாவுக்கு 78 வயது. இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிஸ்ட் வந்து நடக்கப் பழக்க வேண்டும் என்றார்கள். முதல் நாள் அவர் வாசலில் நின்று பழைய மணியை அழுத்தினார். அந்த மணி ஒரு நீண்ட 'ட்ர்ர்ர்'. செவலை படுத்திருந்த இடத்திலிருந்து அம்பு மாதிரிப் பாய்ந்தாள். கூடத்தின் நடுவில் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். செவலை மோதியதில் வாக்கரின் ஒரு கால் வழுக்கியது. அம்மா பின்னால் இருந்த சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. அரை அடி தள்ளி நின்றிருந்தால் தரையில் விழுந்திருப்பார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. செவலையை யாரிடமாவது கொடுத்துவிடு என்று இரண்டு பேர் சொன்னார்கள். அம்மா கேட்டதும் உடனே மறுத்துவிட்டார். "அவ என்ன பண்ணுவா பாவம், அவளுக்கு யாராவது சொல்லிக் குடுத்தாத்தானே" என்றார். அந்தப் பேச்சை நான் ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்த மணியை வாங்குவதற்கு முன் நான் செய்து பார்த்தவை எல்லாம் தவறு. முதலில் அதட்டினேன். நாய் குரைக்கும்போது நாமும் கத்தினால், அதற்கு அது தடுப்பாகத் தோன்றுவதில்லை. வீட்டில் எல்லோருமே பதறுகிறார்கள், ஆபத்து உண்மைதான் என்று அது இன்னும் வேகமாகக் குரைக்கும். அடுத்து, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பும் ஒரு சிறு கருவி. நமக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். அந்த இடைவெளியில் ஓர் எரிச்சலூட்டும் ஒலியை எழுப்பினால் நாய் வாயை மூடும் என்பது கணக்கு. செவலை இரண்டு நாள் திகைத்தாள், மூன்றாம் நாள் அதையும் மீறிக் குரைத்தாள். எனக்கு அதைவிட உறுத்திய விஷயம் வேறு. நான் பட்டனை அழுத்துகிறேன், அவள் காதில் என்ன விழுகிறது, எவ்வளவு வலிக்கிறது என்று எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றை அவள் மேல் ஏவிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றிய அன்றே எடுத்து வைத்துவிட்டேன்.

மூன்றாவதுதான் நான் இன்றும் வருந்துவது. குரைத்தால் மூக்குக்கு நேரே எலுமிச்சைப் புல் எண்ணெய் வாசனையைப் பீய்ச்சும் கழுத்துப்பட்டை. சத்தம் நின்றது உண்மை. ஆனால் நான்காவது நாளில் பிசியோதெரபிஸ்ட் உள்ளே வந்ததும் செவலை குரைக்காமல், வால் ஒடுங்கி, கண்ணின் வெள்ளை தெரிய அவரையே பார்த்தபடி சோபாவுக்கு அடியில் போய் உறுமினாள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. யோசித்துப் பார்த்தால் அவள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. அந்த மனிதர் வரும்போதெல்லாம் முகத்தில் ஏதோ நாற்றம் அடிக்கிறது. அப்படியென்றால் அவர் கெட்டவர் என்றுதானே அவள் நினைப்பாள்? குரைப்பு என்பது 'எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ' என்ற அறிவிப்பு. அறிவிப்பை மட்டும் அடக்கிவிட்டுப் பயத்தை வளர்த்தால், அடுத்து முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கும் நிலைக்கு நாயைக் கொண்டுபோகிறோம். வாசனைக்கே இப்படியென்றால் மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வேல்ஸ் நாட்டில் 2010-லேயே நாய், பூனைகளுக்கு அதைப் பயன்படுத்துவதைத் தடை செய்துவிட்டார்கள். உங்கள் கையில் அது இருந்தால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

சரி, மணிக்கு வருகிறேன்.

எல்லாம் தோற்ற பிறகு ஒரு வாரம் எதையும் மாற்றாமல் வெறுமனே கவனித்தேன். ஒரு நோட்டில் யார் வந்தார்கள், எப்படி வந்தார்கள், செவலை எந்த நொடியில் குரைக்க ஆரம்பித்தாள் என்று எழுதினேன். அந்த வாரம் 23 முறை ஆட்கள் வந்தார்கள். மணி அடித்து வந்தவர்கள் 14. அந்த 14 முறையும் குரைத்தாள். மணி அடிக்காமல் கைப்பேசியில் அழைத்துவிட்டு வந்தவர்களும் பின்வாசல் வழியாக வந்தவர்களும் 9. அவர்களில் இரண்டு பேரைப் பார்த்துத்தான் குரைத்தாள், அதுவும் நாலைந்து குரைப்போடு நின்றுவிட்டது. எதிர்வீட்டுப் பையன் பின்வாசல் வழியாக வந்தால் வாலாட்டுகிறாள். அதே பையன் முன்வாசலில் மணி அடித்தால் முதுகு முடி சிலிர்த்து நிற்கிறாள்.

நோட்டை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். ஆள் யார் என்று தெரிவதற்கு முன்பே அவள் குரைத்துவிடுகிறாள். அவளுக்கு எதிரி அந்த 'ட்ர்ர்ர்'தான்.

அவள் குரைப்பையும் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டேன். ஹங்கேரியில் பீட்டர் பொங்க்ராட்ஸும் அவருடைய சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. வெவ்வேறு சூழ்நிலைகளில் பதிவு செய்த நாய்க்குரைப்புகளைப் போட்டுக் காட்டியபோது, நாய் வளர்க்காத மனிதர்கள்கூட அது எந்தச் சூழ்நிலை என்று தற்செயலைவிட அதிகமாகச் சரியாகச் சொன்னார்கள். அந்நியரைக் கண்டால் தாழ்ந்த, கரகரப்பான, இடைவெளி குறைந்த குரைப்பு. விளையாட்டிலும் தனிமையிலும் உயர்ந்த, தெளிவான, விட்டுவிட்டு வரும் குரைப்பு. செவலையின் மணிக்குரைப்பு அப்பட்டமாக முதல் வகை. 'விருந்தாளி வந்தாச்சு' என்ற குதூகலம் அதில் இல்லை. சில நாய்களுக்கு அந்தக் குதூகலமே பிரச்சினை. அதற்கும் கீழே சொல்லும் முறை உதவும், ஆனால் முதலில் உங்கள் நாய் எந்தக் குரலில் குரைக்கிறது என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள். கேட்பதற்குக் காசு வேண்டாம்.

பயந்த குழந்தையின் பயத்தைப் போக்குவது எப்படி என்று 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதியிருக்கிறார். பீட்டர் என்று அவர் குறிப்பிடும் ஒரு சின்னப் பையன் முயலைக் கண்டு பயந்தான். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலை எட்டத்தில் கொண்டுவந்து வைத்தார். அவன் சாப்பிடுவதை நிறுத்தாத தூரம் அது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அருகில். கடைசியில் பையன் முயலைத் தொட்டு விளையாடினான். இன்று நாய்ப் பயிற்சியாளர்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான். பயமுறுத்தும் பொருளை, பயம் எழாத அளவுக்குச் சின்னதாக்கிக் காட்டி, அதோடு ஒரு நல்லதைச் சேர்க்க வேண்டும்.

முயலை எட்டத்தில் வைக்கலாம். மணியை எப்படி எட்டத்தில் வைப்பது? பழைய மணிக்கு ஒரே சத்தம்தான். அடித்தால் முழுதாக அடிக்கும். அங்கேதான் ஐந்து படிகள் கொண்ட இந்த மணி எனக்குத் தேவைப்பட்டது. சத்தத்தைக் குறைப்பது என்பது முயலைத் தள்ளி வைப்பது. அதோடு ரிசீவரைப் பிடுங்கி எந்த அறையிலும் செருகலாம், உண்மையாகவே தூரத்திலும் வைக்கலாம். கைப்பேசியில் மணியோசையைப் பதிவு செய்து முதலில் முயன்று பார்த்தேன். செவலை அதைச் சட்டை செய்யவே இல்லை. உங்கள் நாய் கைப்பேசி ஒலிக்கும் காது நிமிர்த்துகிறது என்றால் அதிலேயே தொடங்குங்கள், மணியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

புது மணி வந்த அன்று முதல் வேலையாகப் பழைய மணியின் இணைப்பைத் துண்டித்து, சுவிட்சின் மேல் அட்டை ஒட்டினேன். 'மணி வேலை செய்யாது, இந்த எண்ணில் அழைக்கவும்' என்று எழுதிவைத்தேன். இந்த அட்டை எட்டு வாரம் இருந்தது. பழக்கும் காலத்தில் நாய் பழையபடி குரைக்க ஒரு வாய்ப்பும் கிடைக்கக் கூடாது. காலையில் பத்து முறை பொறுமையாகப் பழக்கிவிட்டு, மாலையில் ஒருவர் வந்து பழைய மணியைப் படபடவென்று அழுத்தினால் அந்தப் பத்தும் வீண். பிசியோதெரபிஸ்ட் வரும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே செவலையைப் பின்னறையில் விட்டு, உள்ளே உணவு தடவிய ரப்பர் பொம்மையைக் கொடுத்துவிடுவேன். நக்கிக்கொண்டே படுத்திருப்பாள். அவர் நாய்க்குப் பயப்படுபவர், இந்த ஏற்பாட்டில் அவருக்கும் நிம்மதி.

52 மெட்டுகளில் 49 பயனில்லாதவை. கீச்சுக்குரலில் இழுத்துக்கொண்டே போகின்றன. மென்மையான, இரண்டே சுரம் கொண்ட 'டிங்-டாங்' ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பழைய 'ட்ர்ர்ர்' உடன் எந்த ஒற்றுமையும் இல்லாத ஓசை அது. செவலைக்கு அதைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. வெற்றுப் பலகையில் எழுதுவது, எழுதியதை அழித்து எழுதுவதைவிடச் சுலபம். வாங்குகிறவர்கள் இந்த ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: பழைய மணியின் ஓசையை ஒத்த மெட்டை எடுக்காதீர்கள்.

முதல் வாரம், ரிசீவர் கதவு சாத்திய பின்னறையில், சத்தம் முதல் படியில். நானும் செவலையும் கூடத்தில். என் கையில் பட்டன், இன்னொரு கையில் உப்பில்லாமல் வேகவைத்த கோழி, சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டுகளாக. பட்டனை அழுத்துவேன். எங்கோ தொலைவில் டிங்-டாங். ஒரு நொடி கழித்துக் கோழித்துண்டு. வரிசை முக்கியம். ஓசை முதலில், தின்பண்டம் பிறகு. முதல் இரண்டு நாள் நான் பதற்றத்தில் பையில் கையை விட்டுவிட்டுப் பிறகு பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன். அவள் என் கையைத்தான் பார்த்தாள், மணியைக் கேட்கவே இல்லை. ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. அதற்கு மேல் போனால் அவளுக்கு அலுப்பு வந்துவிடுகிறது.

நான் காத்திருந்தது ஓர் அடையாளத்துக்காக. மணி அடித்ததும் அவள் வாசலைப் பார்க்காமல் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும், 'எங்கே என் பங்கு' என்று. ஐந்தாம் நாள் மாலை அது நடந்தது. காது நிமிர்ந்தது, தலை திரும்பியது, கண் என் முகத்தில் நின்றது. அம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏய், உன்னைப் பாத்துட்டாடி" என்று கைதட்டினார். இருவரும் அழுதுவிட்டோம்.

பத்தில் ஒன்பது முறை என்னைப் பார்த்தால் மட்டும் அடுத்த படி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். சத்தத்தைக் கூட்டினால் ரிசீவர் அதே இடத்தில். ரிசீவரை அருகில் கொண்டுவந்தால் சத்தம் பழையபடி ஒன்று. இங்கே மணியின் முதல் குறை தெரிந்தது. ஐந்து படிகளும் சமமான இடைவெளியில் இல்லை. முதல் படிக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் திடீரென்று உரக்க ஒலிக்கிறது. மூன்றாவது படியில் செவலை எழுந்து நின்றுவிட்டாள். மூன்றை வைத்துக்கொண்டு ரிசீவரை மறுபடி பின்னறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, பிறகு கதவைப் பாதி திறந்து, பிறகு முழுதாகத் திறந்து அந்த இடைவெளியைக் கடந்தோம். அதற்கே எட்டு நாள் ஆனது.

மூன்றாம் வாரத்தில் எதிர்வீட்டுப் பையனைத் துணைக்குக் கூப்பிட்டேன். பட்டன் என் கையில் இருக்கும்வரை அவளுக்கு இது ஒரு விளையாட்டு. வாசலுக்கு வெளியே ஆள் நின்று அழுத்த வேண்டும். "அக்கா, எத்தனை தடவை அழுத்தணும்?" என்றான். "பத்து தடவைடா, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நூறு வரைக்கும் எண்ணணும்" என்றேன். எண்ணும் சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஆறாவது முறை கொஞ்சம் வேகமாக எண்ணிவிட்டான், செவலை முந்தைய துண்டையே மென்றுகொண்டிருந்தாள். இருந்தாலும் அவன் செய்த உதவி பெரியது. நான்கு வாரம் பள்ளி விட்டு வந்ததும் தினமும் பத்து நிமிடம் எங்கள் வாசலில் நின்றான். இந்தப் பயிற்சிக்கு மணியைவிட முக்கியமான தேவை இப்படி ஒரு பொறுமைசாலிதான்.

நான்காம் வாரத்தில் நடந்ததை இந்த மணியை வாங்க நினைப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஒரு மதியம் மின்சாரம் போய் வந்தது. மாலையில் பையன் வந்து பட்டனை அழுத்தினான். ஐந்தாவது படிச் சத்தத்தில், வேறேதோ மெட்டு, கூடமே அதிர்ந்தது. மின்சாரம் நின்றால் இந்த ரிசீவர் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. முதல் மெட்டு, முழுச் சத்தம் என்று தொடக்க நிலைக்குப் போய்விடுகிறது. பெட்டியில் இருந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. செவலை கதவில் மோதிக் குரைத்தாள், அம்மா பயந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மூன்று நாள் இரண்டாவது படிக்கே அவள் விறைத்தாள். ஏறக்குறைய பத்து நாள் உழைப்பு போனது. அன்று முதல் ஒவ்வொரு முறை பழக்குவதற்கு முன்பும் செவலையை வெளியே விட்டுவிட்டு ஒரு தரம் அழுத்திச் சரிபார்த்துக்கொள்கிறேன். அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும் மணிகளும் உண்டு. வாங்கும்போது மெட்டையும் சத்தத்தையும் மாற்றி வைத்து, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகி, அழுத்திப் பாருங்கள். அரை நிமிட வேலை. நான் செய்யவில்லை.

மணிச் சத்தம் பழகியது பாதி வேலைதான். மணி அடித்தால் என்ன செய்யக் கூடாது என்று மட்டும் சொன்னால் நாய்க்குப் புரியாது, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வேலை கொடுக்க வேண்டும். வாசலிலிருந்து ஏறக்குறைய மூன்று மீட்டர் தள்ளி, கதவு தெரிகிற ஆனால் வருகிறவர் மேல் பாய முடியாத ஒரு மூலையில், அடிப்பக்கம் வழுக்காத ஒரு தடித்த பாயைப் போட்டேன். மணி இல்லாமலே முதலில் அந்தப் பாயைப் பழக்கினேன். போய்ப் படுத்தால் கோழி. எழுந்து வந்தால் ஒன்றும் இல்லை, திட்டும் இல்லை. அப்புறம் மணியோடு சேர்த்தேன். டிங்-டாங், பாய், கோழி. ஆறாம் வாரத்தில் நான் சொல்லாமலே மணிக்குப் பாயை நோக்கி நடந்தாள்.

அடுத்தது கதவு. கதவு திறப்பதும் அவளுக்குத் தனியான ஒரு பயம் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. தாழ்ப்பாளைத் தொட்டேன், எழுந்தாள். மறுபடி முதலிலிருந்து. தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுக் கையை எடுப்பது, தாழ்ப்பாளை இழுப்பது, கதவை ஒரு விரல் அகலம் திறப்பது, ஒரு ஜாண் திறப்பது. அவள் படுத்தே இருந்தால்தான் கதவு மேலும் திறக்கும், எழுந்தால் மூடிக்கொள்ளும். இரண்டு நாளில் அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் பையன், அதன் பிறகு பக்கத்து வீட்டுப் பெரியவர், அதன் பிறகு அவளுக்குத் தெரியாத ஒரு தோழி. வருகிற எல்லோரிடமும் ஒன்றையே கேட்டுக்கொண்டேன்: அவளை உற்றுப் பார்க்காதீர்கள், குனிந்து தலையைத் தடவாதீர்கள், பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், அவளாக வந்து மோந்து பார்க்கட்டும். நாய்ப் பிரியர்களிடம்தான் இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டமாக இருந்தது. "எனக்கு நாய்னா ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிவிடுகிறார்கள். அந்த அன்பு அவளுக்குத் தாக்குதலாகத் தெரிகிறது.

ஒன்பதாம் வாரம் திங்கட்கிழமை பிசியோதெரபிஸ்ட் முதல்முறையாகப் புது மணியை அழுத்தினார். இடையில் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவு ஒன்றைப் போட்டிருந்தேன், அவருக்காக. செவலை பாய்க்குப் போனாள். ஒரே ஒரு முறை 'வுஃப்' என்றாள், வாயைத் திறக்காத குரலில். படுத்துக்கொண்டாள். அவர் அம்மாவிடம், "மெதுவா வாங்கம்மா, இன்னைக்கு அவசரமே இல்ல" என்று சொல்லி வாக்கரைப் பிடித்தார். பயிற்சி முடியும்வரை அரை மணி நேரம் வீட்டில் சத்தமே இல்லை.

மணியின் மற்ற குணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திறந்தவெளியில் 300 மீட்டர் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. சுவர்களுக்கு நடுவே அந்தக் கணக்கு செல்லாது. எங்கள் வாசலிலிருந்து இரண்டு சுவர் தாண்டி ஒழுங்காக வேலை செய்கிறது, மூன்றாவது சுவரில் விட்டுவிட்டுத்தான் அடிக்கிறது. பட்டனை ஒட்டக் கொடுத்த பசை ஒரு மழைக்குப் பெயர்ந்துவிட்டது, திருகாணி போட்டு மாட்டிவிட்டேன். பட்டனுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தளர்ந்தபோது எந்த எச்சரிக்கையும் வரவில்லை, ஒரு நாள் திடீரென்று அடிக்காமல் போனது. அழுத்தும் விசையிலேயே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும் பட்டன்களும் இருக்கின்றன, அடுத்த முறை அதைத்தான் பார்ப்பேன்.

நீல விளக்கை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. ஆனால் அம்மாவுக்குக் காது மந்தம். செவலைக்காகச் சத்தத்தை இரண்டில் வைத்தால் அவருக்குக் கேட்காது. இரண்டாவது ரிசீவரை அவர் கட்டிலுக்கு நேரே செருகி, சத்தத்தை ஒன்றில் வைத்துவிட்டேன். விளக்கு மின்னினால் அவருக்குத் தெரிந்துவிடும். நாயும் முதியவரும் ஒன்றாக இருக்கிற வீட்டுக்கு இந்த இரட்டை ரிசீவர் பெரிய வசதி, இதற்காகவே தனியாக ஒரு புள்ளி கொடுப்பேன். வெறும் மணியாக 5-க்கு 3. பழக்கும் கருவியாக 5-க்கு 4. மின்சாரம் போனால் மறந்துவிடும் அந்தக் கோளாறு இல்லையென்றால் முழுதாக ஐந்தும் கொடுத்திருப்பேன்.

எல்லா வீட்டுக்கும் இது சரிவராது. உங்கள் நாய் ஏற்கனவே யாரையாவது கடித்திருந்தால் மணி வாங்குவதில் நேரம் போக்காமல், நாய்களின் நடத்தையைப் படித்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். இத்தனை நாள் அமைதியாக இருந்த நாய் திடீரென்று குரைக்க ஆரம்பித்தாலும் முதலில் மருத்துவர்தான். வலி இருந்தாலும், கண்ணோ காதோ மங்கினாலும் நாய் சின்னச் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிடும். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக் குரைப்பதற்கும் இந்த மணி ஒன்றும் செய்யாது. அதற்கு நான் ஜன்னலின் கீழ்ப்பாதியில் பனிபடர்ந்த மாதிரித் தாள் ஒட்டினேன், அதோடு முடிந்தது.

செவலை இன்றும் குரைக்கிறாள். நடுராத்திரியில் கேட் கொண்டி அசைந்தால் குரைக்கிறாள். போய்ப் பார்த்து, "சரி, நான் பாத்துட்டேன்" என்று சொன்னால் நிறுத்திக்கொள்கிறாள். அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. மணிக்குரைப்பு மட்டும் பத்தில் எட்டு முறை இல்லை, மீதி இரண்டில் ஒரு 'வுஃப்'. இப்போது ஒவ்வொரு முறையும் கோழி கிடையாது, சில நேரம் கோழி, சில நேரம் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவது. ஆனால் அவ்வப்போது கோழி உண்டு. அடியோடு நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு காலை அம்மா வாக்கர் இல்லாமல், பிசியோதெரபிஸ்ட்டின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். வெளியே போய் நின்றார். "கதவைச் சாத்துடி" என்றார். சாத்தினேன். டிங்-டாங் என்று அடித்தது. செவலை எழுந்து, ஒரு தரம் சோம்பல் முறித்து, பாய்க்குப் போய்ப் படுத்தாள். கதவைத் திறந்தேன். அம்மா இன்னும் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "அவளுக்கு ஏதாவது குடு" என்றார்.